எலும்பைக் காக்கும் மருந்தும் எலும்பில் ஊன்றும் திருகாணியும்



முப்பத்து மூன்று ஆண்டுகள் உயர்நிலைப்பள்ளியில் பாடம் சொன்னவன் நான். உடலியல் பாடம் வரும்போதெல்லாம், கட்டடத்துக்குத் தூண் எப்படியோ அப்படியே உடலுக்கு எலும்பு என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணாக்கரும் அதை அப்படியே எழுதிக்கொள்வர். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். தூணை ஒரு முறை நட்டால் நட்டதுதான். அது தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்வதில்லை. எலும்பு அத்தகையதன்று என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன், உணர்ந்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பின்பு, என் தமக்கையார் பொருட்டு நான் செய்த ஒரு பிழையினால்தான் உணர்ந்தேன். அப்பிழை யாதென்பதை முறையாக விளக்க வேண்டுமானால், முதலில் எலும்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

நம் எலும்புக்குள் இரண்டு வகை வேலையாட்கள் ஓயாமல் உழைத்து வருகிறார்கள். ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. மற்றொரு வகை, கரைத்த குழியில் புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. கரைப்பதற்குச் சில வாரங்கள் போதும்; நிரப்பிக் கெட்டிப்படுத்துவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இவ்விதமாக, வளர்ந்த மனிதருடைய எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எந்த எலும்புகளைக் கொண்டு வகுப்பறையில் நின்றேனோ, அவற்றின் பெரும்பகுதி இப்பொழுது என்னிடம் இல்லை.

இளமையில் இவ்விரு வேலையாட்களும் சமமாக உழைக்கின்றனர். முதுமையில், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு, கரைப்போரின் கை ஓங்கிவிடுகிறது. கட்டுவோர் பின்தங்கிவிடுகின்றனர். எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போல் துளைபட்டுப் போகிறது. இதைத்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறார்கள். தமிழில் எலும்பு மெலிவு நோய் எனலாம். இந்நோய் என் தமக்கையாருக்கு இருப்பதாக நான் சொல்லக் கேட்ட அண்டை வீட்டார் ஒருவர், எலும்புருக்கி என்று காதில் வாங்கிக்கொண்டு, தம் குழந்தைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடாமல் ஒரு வாரம் தடுத்து வைத்திருந்தார். எலும்புருக்கி என்று நம் முன்னோர் சொன்னது காசநோயை. இது ஒட்டுவதுமில்லை, தொற்றுவதுமில்லை. இருமலோ காய்ச்சலோ காட்டாமல், ஒரு நாள் கை ஊன்றி விழும்போது மணிக்கட்டு முறிந்த பிறகே தான் இருப்பதைத் தெரிவிக்கும் நோய் இது. என் தமக்கையாருக்கு 2021-ஆம் ஆண்டில் அவ்வாறுதான் தெரிய வந்தது. எலும்பின் அடர்த்தியை அளந்து பார்த்தபோது கழித்தல் 3.1 என்று வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்கின்படி, கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது எலும்பு மெலிவு நோய்.

இனி, திருகாணியின் கதைக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்பினுள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று காண்பதற்காக, டைட்டானியம் என்னும் உலோகத்தால் செய்த ஒரு சிறு காட்சிக் குழலை எலும்பில் பொருத்தினார். விலை உயர்ந்த கருவி. ஆராய்ச்சி முடிந்ததும் கழற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்பது அவர் எண்ணம். கழற்ற முனைந்தபோது குழல் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமென்று ஒதுக்காமல், அதன் மேலேயே வளர்ந்து இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் கருவி வீணாயிற்றே என்று வருந்தியிருப்பார். அவரோ, கழற்ற முடியாதது எதற்குப் பயன்படும் என்று சிந்தித்தார். 1965-ல் பற்களை இழந்த ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகாணிகளை ஊன்றி, அவற்றின் மேல் செயற்கைப் பற்களைப் பொருத்தினார். அம்மனிதர் 2006-ல் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அத்திருகாணிகளைக் கொண்டே உணவு மென்றார். இன்று நம் ஊர்களில் இம்பிளாண்ட் என்று பல் மருத்துவர்கள் பொருத்துவது அதன் வழித்தோன்றலே. இடுப்பு மூட்டு மாற்று, முறிந்த எலும்பில் வைக்கும் தகடு, முதுகெலும்பில் முறுக்கும் திருகு ஆகியவையும், உலோகத்தை எலும்பு பற்றி நிற்க வேண்டும் என்ற அளவில் இதற்கு உறவு உடையவையே.

எலும்பு உலோகத்தை எவ்வாறு பற்றுகிறது? இதை விளக்குவதற்கு நான் பள்ளிக் கட்டடம் பழுது பார்த்த அனுபவத்தைத்தான் உவமையாகச் சொல்ல முடியும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் சுவரில் காரை உதிர்ந்து, மழைக்காலத்தில் வகுப்பறைகள் ஊறும். ஓர் ஆண்டு கோடை விடுமுறையில் கொத்தனாரை அழைத்து, உதிர்ந்த இடத்தில் மட்டும் புதுப்பூச்சுப் பூசிவிடச் சொன்னேன். அவர் மறுத்தார். சுற்றிலும் பொருமி நிற்கும் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் பூசுவேன் என்றார். கொத்தினால் செலவு கூடுமே என்று நான் வாதாடினேன். “கொத்தாமல் பூசினால் இன்றைக்கு நிற்கும், ஐயா, ஐப்பசியில் பழைய காரையோடு சேர்ந்து விழும்” என்றார் அவர்.

தாடையில் திருகாணி ஊன்றும்போதும் இதுவே நிகழ்கிறது. எலும்பில் துளையிடுகையில் துளையின் ஓரத்து எலும்பு நசுங்குகிறது. சூட்டினால் சிறிது மடிந்தும் போகிறது. அன்றைய தினம் திருகாணி உறுதியாக நிற்பது, மரத்தில் திருகு நிற்பது போன்ற இறுக்கத்தினால்தான். பிறகு கரைக்கும் அணுக்கள் வந்து, நசுங்கியதையும் மடிந்ததையும் அகற்றுகின்றன. அதனால் மூன்றாம் நான்காம் வாரத்தில் அந்தப் பிடி சிறிது தளர்கிறது. அதே வேளையில் கட்டும் அணுக்கள் புதிய எலும்பை உலோகத்தின் மேல் இட்டுக்கொண்டு வர, நாளடைவில் இரண்டாவது பிடி, நிலையான பிடி, உண்டாகிறது. கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் பொறுத்திருந்து அதன் பின்னரே பல்லை ஏற்ற வேண்டும் என்று பிரோனெமார்க் முறை வகுத்தது இதனை முன்னிட்டே. ஆகவே, இடிப்போரை நாம் வெறும் பகைவர் என்று எண்ணிவிடலாகாது. எலும்பு மெலியும்போது அவர்கள் பகைவர்; புண் ஆறும்போது அவர்களே துப்புரவாளர்.

இப்பொழுது நேயர்களுக்கு ஒரு சங்கடம் புலப்பட்டிருக்கும். எலும்பு மெலிவு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை, இந்த இடிப்போரின் கையைக் கட்டுபவை. அவ்வாறு கையைக் கட்டிவிட்டு, அதே எலும்பில் ஒரு திருகாணியை ஊன்றினால், துப்புரவு யார் செய்வது?

அம்மருந்துகளில் மூத்தது பிஸ்பாஸ்போனேட் என்னும் குடும்பம். அதன் பிறப்பு விந்தையானது. நீர் கொதிக்கும் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிவதை எல்லா வீடுகளிலும் காணலாம். குழாய்களில் அவ்விதம் சுண்ணாம்பு படியாதிருக்க ஒரு வகைப் பாஸ்பேட்டைச் சலவைத்தூளில் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. உடலிலும் சுண்ணாம்பு வேண்டாத இடத்தில் படியாமல் தடுக்க அத்தகைய ஒரு பொருள் இருப்பதை, சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். ஆனால் அப்பொருளை உடல் எளிதில் சிதைத்துவிடும். சிதைக்க முடியாதபடி அதன் நடுவில் ஓர் உயிர்வளி அணுவுக்குப் பதிலாகக் கரியணு ஒன்றை வைத்துச் செய்ததே பிஸ்பாஸ்போனேட். 1960-களில் நடந்த ஆராய்ச்சி இது. வாரம் ஒரு முறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை எலும்பின் சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். கரைக்கும் அணு வந்து எலும்பைத் தின்னும்போது மருந்தையும் சேர்த்துத் தின்று, செயலிழந்து போகும். எலும்பில் ஒட்டியது எளிதில் விட்டுப் போவதில்லை. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதன் எச்சம் உள்ளே கிடக்கும். பல்லுக்காக ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தினால் எலும்பு தூய்மையாகிவிடும் என்று எண்ணுவோர், இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இம்மருந்து உண்பவரின் எலும்பில் உலோகம் பற்றுமா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது; எந்த எலும்பு என்று கேட்டுக்கொண்டே கூற வேண்டும்.

இடுப்பிலும் முழங்காலிலும் விடை மகிழ்ச்சி தருவதே. மூட்டு மாற்றிய பின்பு, பாரத்தை உலோகம் தாங்கிக்கொள்வதால், வேலையற்றுப்போன பக்கத்து எலும்பு மெலியத் தொடங்கும். வேலை இல்லாதவருக்குச் சம்பளம் தராத சிக்கனக்காரர் போன்றது நம் உடல். அம்மெலிவை இம்மருந்து குறைக்கிறது. தொடக்கத்துப் பிடி தளராமலும் காக்கிறது. 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு மாற்றியவர்களுள் இம்மருந்தை உண்டவர்களுக்கு, ஐந்தாண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது மற்றவர்களில் ஏறத்தாழப் பாதியளவே என்று கண்டனர். மருந்தை ஒழுங்காக உண்பவர் பிறவற்றிலும் ஒழுங்காக இருப்பார் என்பதால், முழுப் பெருமையையும் மருந்துக்கே கொடுத்துவிட முடியாது. எனினும், தீங்கு செய்யவில்லை என்பது தெளிவு. இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு, 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2007-ல் வெளியாயிற்று. புதிய முறிவுகள் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தன; இறப்பும் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது; முறிவு கூடுவது தடைப்படவில்லை. முறிந்த இடத்தில் திரளும் புத்தெலும்பு முடிச்சு சற்றுப் பெரிதாக இருக்கும், அதைச் செதுக்கிச் சீராக்கும் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவே. கையோ காலோ முறிந்து கட்டுப் போட்டிருக்கிறோம், ஆகவே எலும்பு மாத்திரையை நிறுத்திவிடுவோம் என்று தாமாகவே தீர்மானிப்பவர்கள் இதனைக் கேட்டுக்கொள்வார்களாக. நெடுங்காலம் இம்மருந்தை உண்ட சிலருக்கு, பெரிதாக விழாமலேயே தொடை எலும்பு குறுக்காக முறிவதும் உண்டு. அது அரிது, ஆனால் முன்னறிவிப்பாகத் தொடையிலோ கவட்டியிலோ வாரக்கணக்கில் வலி இருக்கும். அவ்வலியை மூட்டுவாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தாடையின் செய்தி வேறு. 2003-ல் அமெரிக்காவின் மியாமி நகரில் ராபர்ட் மார்க்ஸ் என்னும் அறுவை மருத்துவர், 36 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டார். அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய் எலும்பில் பரவியமைக்காக, இக்குடும்பத்து மருந்துகளை நரம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களுடைய தாடை எலும்பு ஈறுக்கு வெளியே தெரிந்து, ஆறாமல், மடிந்து கிடந்தது. மருத்துவ வரலாறு அறிந்தவர்களுக்கு இது பழைய பேயின் மறுவரவாகத் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில், வெண்பாஸ்பரப் புகையை மூச்சிழுத்த பெண்களின் தாடைகள் இவ்வாறே அழுகின. 1888-ல் இலண்டன் தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் பேர்பெற்றது. 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாஸ்பரத்தை விலக்க உடன்பட்டன. இந்தியாவிலும் 1913-ல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. நம் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அச்சட்டத்துக்குப் பின்பே ஆதலால், அக்கொடுமை நம் மக்களை அண்டவில்லை என்று நினைத்து நான் ஆறுதல் கொள்வதுண்டு.

ஏன் தாடைக்கு மட்டும் இந்த இடர்? காரணங்கள் பல. தாடையெலும்பின் மேல் போர்த்திருப்பது மெல்லிய ஈறு ஒன்றே. வாயில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பல்லைப் பிடுங்கினால் எலும்பே அவற்றுக்குத் திறந்து கிடக்கிறது. மேலும், மென்று மென்று உழைக்கும் எலும்பாதலின், இடித்துக் கட்டும் வேலை அங்கே விரைவானது. ஆகவே மருந்தும் அங்கே மிகுதியாகச் சேர்கிறது. புண்ணும் கிருமியும் சேர்ந்த இடத்தில் மடிந்த எலும்பை அகற்ற ஆளில்லாமற்போனால் என்ன ஆகும்? கொத்தாத சுவரில் பூசிய பூச்சின் கதைதான். எட்டு வாரங்களுக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தபடி ஆறாதிருந்தால் அதனை இந்நோய் என்று கொள்கிறார்கள்.

இதைக் கேட்டு அஞ்சிவிட வேண்டாம். அளவை அறிந்து அஞ்சுவதே அறிவு. புற்றுநோய்க்காக மாதந்தோறும் பெருமளவில் மருந்து ஏற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே இது வருகிறது. அவர்களுக்குத் தாடையில் திருகாணி ஊன்றுவதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள், அது முறையே. ஆனால் எலும்பு மெலிவுக்காகச் சிறிய அளவில் பிஸ்பாஸ்போனேட் கொள்பவர்களில், பதினாயிரவரில் ஐவர் என்ற அளவைத் தாண்டாது என்பது அமெரிக்க வாய்-முக அறுவை மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. மாத்திரை உண்பவர்களின் தாடையில் ஊன்றிய திருகாணிகள், உண்ணாதவர்களுடையவற்றைக் காட்டிலும் அதிகமாகத் தவறிப்போவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. மருந்து உண்ட ஆண்டுகள் கூடினாலும், ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தாலும், சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதிருந்தாலும், புகையிலை வாயில் இருந்தாலும் இடர் கூடும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் பெர் ஆஸ்பென்பெரி என்பவரும் அவர் குழுவினரும், இதே பிஸ்பாஸ்போனேட்டை மிக நுண்ணிய அளவில் திருகாணியின் மேலேயே பூசி, மேல்தாடையில் ஊன்றிப் பார்த்தனர். 2012-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: பூசிய திருகாணியே பூசாததைவிட உறுதியாக நின்றது! சுற்றியிருக்கும் எலும்பு தொடக்கத்தில் கரைந்து பிடி தளர்வதை, அந்தச் சிறு பூச்சு தடுத்துவிடுகிறது. தாடை முழுவதிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய மருந்து வேறு. இழையளவு ஓரிடத்தில் நின்ற மருந்து வேறு. உப்பும் அப்படித்தானே.

இனி என் பிழைக்கு வருகிறேன். என் தமக்கையாருக்கு மருத்துவர் கொடுத்தது மேற்சொன்ன மாத்திரையன்று. டெனோசுமாப் என்னும் ஊசி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலின் கீழ் இடுவது. 2021 நவம்பரில் தொடங்கி 2023 மே மாதம் வரை நான்கு ஊசிகள் ஒழுங்காக இட்டாயிற்று. அவ்வாண்டு ஆடியில் அவருடைய கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து, பிடுங்க நேர்ந்தது. பல் போனால் சொல் போகும் என்பார்கள். அவருக்குச் சொல் போகவில்லை, முறுக்குத் தின்ன முடியவில்லை என்பதே குறை. திருகாணி வைத்துப் பல் கட்டலாம் என்று பல் மருத்துவர் கூறினார். என்னென்ன மருந்து உண்கிறீர்கள் என்றும் கேட்டார். இரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று என்று தமக்கையார் விடையளித்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியை அவர் மருந்து என்று எண்ணியதேயில்லை. அது ஆண்டுக்கு இரு முறை வரும் ஒரு சடங்கு அவருக்கு. பக்கத்தில் அமர்ந்திருந்த நான் அறிவேன். அறிந்தும் வாய் திறக்கவில்லை. ஏனெனில், என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.

எலும்பு மருந்து உண்பவர்க்குத் தாடை அழுகும் என்று ஒரு வார இதழில் நான் படித்திருந்தேன். எந்த மருந்து, எவ்வளவு, யாருக்கு என்பதையெல்லாம் கூர்ந்து படித்தேனில்லை. “அக்கா, நவம்பர் ஊசியை விட்டுவிடு. பல் கட்டி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். “நீ படித்தவன், தம்பி. நீ சொன்னால் சரி” என்றார். அக்டோபரில் திருகாணி ஊன்றப்பட்டது. நவம்பர் கடந்தது, திசம்பர் கடந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் கோலமிடக் குனிந்தவர் நிமிரவில்லை. கீழே விழவுமில்லை, பளு தூக்கவுமில்லை. ஊடுகதிர்ப் படத்தில் முதுகெலும்புக் கணுக்கள் இரண்டு நசுங்கியிருந்தன.

எலும்பு மருத்துவர் என் பழைய மாணாக்கர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசி ஊசி எப்பொழுது என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, நான் அவருக்கு ஒரு காலத்தில் விளக்கியது போலவே, பொறுமையாக எனக்கு விளக்கினார்.

பிஸ்பாஸ்போனேட் எலும்பில் ஒட்டிக்கொள்வது, டெனோசுமாப் ஒட்டாதது. கரைக்கும் அணுக்கள் முதிர்ந்து வேலைக்கு வருவதற்கு உடலில் ஓர் அழைப்பு உண்டு. அவ்வழைப்பை வழியிலேயே மறிப்பது இந்த ஊசி. மறித்திருக்கும் வரை இடிப்போர் வரமாட்டார். ஆறு மாதத்தில் ஊசியின் வலிமை தீர்ந்தவுடன், அதுவரை வாசலில் காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் ஒருசேர உள்ளே புகுந்துவிடுகிறார்கள். முன்பு இருந்ததைக் காட்டிலும் மிகுதியாக எலும்பு கரைகிறது. ஈட்டிய அடர்த்தி ஓராண்டு ஈராண்டிலேயே போய்விடும். சிலருக்கு முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும். எனவே இந்த ஊசியை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடலாகாது. அறவே நிறுத்துவதானால், இடத்தை அலென்ட்ரோனேட் அல்லது சோலெட்ரோனிக் அமிலத்திடம் ஒப்படைத்துவிட்டே நிறுத்த வேண்டும்.

“அப்படியானால் பல்லுக்கு என்ன வழி?” என்று கேட்டேன்.

“வழி இருந்தது, ஐயா. ஊசி போட்டு மூன்று நான்கு மாதம் ஆன சமயத்தில் திருகாணியை ஊன்றினால், அடுத்த ஊசி நாளுக்கு முன்பே ஈறு ஆற ஆறு எட்டு வாரங்கள் கிடைக்கும். ஊசியைத் தவற விடாமலே செய்திருக்கலாம். எங்கள் இருவரில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும்” என்றார்.

கணக்கைப் பார்த்தால், மே மாத ஊசிக்குப் பிறகு செப்டம்பரில் அந்த வேலையை முடித்திருக்கலாம். நவம்பர் ஊசியையும் அதன் நாளிலேயே போட்டிருக்கலாம். நாங்கள் அக்டோபரில் ஊன்றியதுகூடப் பெரும் பிழையன்று. ஊசியைச் சில வாரம் நகர்த்தித் திசம்பருக்குள் போட்டிருந்தாலும் போதும். இந்த ஊசியிலும் தாடை நோய் வருவதுண்டு. அஞ்சத்தக்கதன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரிதான ஓர் இடருக்கு அஞ்சி, அதைவிடப் பெரிய இடரின் வாயிலில் தமக்கையாரைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

இடிப்போரைத் தடுக்காமல், கட்டுவோரைத் தூண்டும் மருந்துகளும் உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். டெரிபாராடைடு அவற்றில் ஒன்று; அமெரிக்காவில் 2002-ல் ஒப்புதல் பெற்றது. கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பியின் நீரைப் பின்பற்றிச் செய்தது. அந்நீர் ஓயாமல் பெருகினால் எலும்பைக் கரைக்கும். நாளுக்கு ஒரு முறை சிறிதளவு கொடுத்தால் எலும்பைக் கட்டும்! முதுகெலும்பில் திருகு வைத்தவர்களுக்கு இது திருகு தளர்வதைக் குறைப்பதாக ஜப்பானிய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஈறு அறுவையோடு சேர்த்துக் கொடுத்தபோது தாடையெலும்பு நன்கு வளர்ந்ததாக 2010-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆனால் நாள்தோறும் ஊசி, மிகுந்த விலை, இரண்டு ஆண்டு என்ற வரம்பு ஆகியவை இதன் குறைகள். முடித்த பின்பு, கட்டியதைக் காக்க மறுபடியும் இடிப்போரைத் தடுக்கும் மருந்துக்கே வர வேண்டும். ரோமோசோசுமாப் என்று இன்னொன்று 2019-ல் வந்திருக்கிறது. அது கட்டுவோரைத் தூண்டி, இடிப்போரையும் ஓரளவு அடக்குகிறது. இவையெல்லாம் மருத்துவரும் நோயாளியின் பணப்பையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை.

நேயர்களில் எலும்பு மருந்து தொடங்கவிருப்பவர்கள் இருந்தால், தொடங்கும் முன்பே ஒரு முறை பல் மருத்துவரைக் கண்டு, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே தொடங்கியவர்கள், மருந்தின் பெயரையும் தொடங்கிய நாளையும் கடைசியாகக் கொண்ட நாளையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றுவதும் மருந்தே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை குத்துவதும் மருந்தே. வீட்டில் படித்தவர் எவராவது, நிறுத்திவிடு என்று யோசனை சொன்னால், எந்த மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். என் தமக்கையார் அன்று அக்கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் தலைமையாசிரியன் அல்லவா! என்னை யாரும் கேள்வி கேட்டுப் பழகியதில்லை.

ஊசியை அந்தப் பிப்ரவரியிலேயே மறுபடி தொடங்கினார்கள். இரண்டு மாதம் படுக்கை. பிறகு இடுப்புக் கச்சையோடு நடை. மேலும் கணுக்கள் நசுங்காமல் இதுவரை காத்தாயிற்று. அவ்வாண்டு சித்திரையில் திருகாணியின் மேல் பல்லைப் பொருத்தினார்கள். படத்தில் எலும்பு அதனை நன்றாகப் பற்றியிருக்கிறது என்று பல் மருத்துவர் காட்டினார். பல் அசையவேயில்லை. முதுகுதான் இரண்டு விரற்கடை வளைந்துவிட்டது. வாசற் கோலத்தை இப்பொழுது மருமகள் இடுகிறாள். தமக்கையார் நாற்காலியில் அமர்ந்து புள்ளி தவறினால் சொல்கிறார்.

ஊசி நாட்களை அவரே நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். போன முறை, என்றைக்கு ஊசி, அக்கா, நானும் வருகிறேன் என்றேன். “மருமகளோடு நேற்றே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், தம்பி” என்று சொல்லி, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.